வருஷத்துக்கு 3,845 பேர்: இத்தாலிய பாஸ்போர்ட்டின் கதை

இன்னைக்கு ரெண்டு தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

முதல் தேதி, 2024 ஜனவரி. எந்த நாட்டு பாஸ்போர்ட் வலுவானதுன்னு வருஷா வருஷம் வரிசைப்படுத்துற ஹென்லி பட்டியல் வெளியாகிறது. முதலிடத்தை ஆறு நாடுகள் பகிர்ந்துகொள்கின்றன: பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான், சிங்கப்பூர், ஸ்பெயின். இதுல ஏதாவது ஒண்ணு கையில இருந்தா, முன்கூட்டியே விசா வாங்காமல் 194 இடங்களுக்குப் போகலாம். அதே பட்டியலில் நம்ம இந்திய பாஸ்போர்ட் 80-வது இடம். 62 இடங்கள்.

இரண்டாவது தேதி, 1924 மே. அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜ் ஒரு குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். அந்தச் சட்டப்படி இத்தாலியிலிருந்து ஒரு வருஷத்துக்கு 3,845 பேர் அமெரிக்காவில் குடியேறலாம். அவ்வளவுதான். 1907-ஆம் ஆண்டுக் கணக்கில் மட்டும் 2,85,000-க்கும் அதிகமான இத்தாலியர்கள் அங்கே போயிருந்தார்கள். அதை நூறில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு அளவுக்குக் குறுக்கிவிட்டார்கள்.

ஒண்ணு சுற்றுலா போறது, இன்னொண்ணு குடியேறப் போறது, ரெண்டையும் ஒப்பிடலாமான்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா வாசல்ல நிக்கிற ஆளைப் பார்த்ததும் உள்ளே இருக்கிறவர் முகம் எப்படி மாறுதுங்கிறது ரெண்டுலயும் ஒரே விஷயம்தான். நூறு வருஷத்தில் இத்தாலிக்காரர்கள் வேறு மனிதர்களாக மாறிவிடவில்லை. அப்போ எது மாறுச்சு? இந்த எபிசோட் முழுக்க அதுதான்.

வெளியே போக ஒரு சீட்டு

இத்தாலி என்ற ஒற்றை நாடு 1861-ல்தான் உருவானது. அதற்கு முன்னால் பல ராஜ்ஜியங்கள், போப்பின் ஆட்சிப் பகுதி எனத் துண்டு துண்டாகக் கிடந்தது. நாடு ஒன்றானதும் எல்லாருக்கும் விடிவு வந்துவிடவில்லை. தெற்கே சிசிலி, கலாப்ரியா, பசிலிகாட்டா பக்கம் நிலம் சிலர் கையில், கூலி வேலை பலர் கையில். வடக்கே வெனெட்டோவிலும் விவசாயிகள் நிலைமை மோசம்தான். ஜனங்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். இத்தாலிய அரசு 1876-ல் இந்தக் கணக்கை எடுக்கத் தொடங்கியது. அதிலிருந்து 1915 வரை சுமார் 1.4 கோடிப் புறப்பாடுகள் பதிவாகியிருக்கின்றன. புறப்பாடுகள்னு சொல்றேன், கவனிங்க. ஒரே ஆள் ரெண்டு, மூணு தடவை போய் வந்திருப்பார். ஏறக்குறைய பாதிப் பேர் திரும்பி வந்தவர்கள். நாலு வருஷம் நியூயார்க்கில் ரோடு போட்டு, காசு சேர்த்து, ஊருக்கு வந்து வீடு கட்டுறது. இந்தக் கதை நமக்குப் புதுசு இல்ல, துபாய்னு பேரை மாத்தினாப் போதும்.

இவர்களை முதலில் தடுக்கப் பார்த்தது அமெரிக்கா இல்லை. சொந்த ஊர் நிலக்கிழார்கள். ஆளெல்லாம் கப்பல் ஏறிவிட்டால் வயலில் யார் இறங்குவது? இருப்பவன் கூலியை ஏற்றிக் கேட்பானே? அவர்கள் ரோமில் அரசை நெருக்கினார்கள். ராணுவத்தில் சேர வேண்டிய வயசுப் பையன்கள் ஓடிப் போய்விடுவார்களோ என்று ராணுவத்துக்கும் கவலை. அதனால் அந்தக் கால பாஸ்போர்ட்டை நாம இன்னைக்குப் பார்க்கிற மாதிரி பார்க்கக் கூடாது. இன்னொரு நாட்டுக்குள்ள நுழையறதுக்கான காகிதம் இல்ல அது. தன் நாட்டை விட்டு வெளியே போக விடுறதுக்கான சீட்டு.

1901 ஜனவரியில் வந்த சட்டம் இதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. குடியேற்றத்துக்கென்று தனி ஆணையம். ஆள் ஏற்றும் கப்பல் கம்பெனிகளுக்கு லைசென்ஸ். கடல் கடந்து போகிறவர்களுக்கு பாஸ்போர்ட் கட்டாயம். ஊரில் ஏமாற்றிக் காசு பிடுங்கும் ஏஜென்ட்டுகளிடமிருந்து ஜனங்களைக் காப்பாற்றுவது ஒரு நோக்கம். அந்தப் பக்கம் போய் இறங்கியதும் திருப்பி அனுப்பப்படாமல், தகுதி உள்ளவர்களை மட்டும் இங்கேயே வடிகட்டி அனுப்புவது இன்னொரு நோக்கம். அதே வருஷம், வெளியே போனவர்கள் அனுப்பும் பணத்தைக் கையாளும் பொறுப்பு நேப்பிள்ஸ் வங்கிக்குக் கொடுக்கப்பட்டது. அரசுக்குப் புரிந்துவிட்டது: போகிறவனைத் தடுப்பதைவிட, அவன் அனுப்பும் பணம் பத்திரமாக வந்து சேர்வது லாபம்.

அரசு சில சமயம் கதவை வெளிப்பக்கமாகவும் சாத்தியது. பிரேசில் காப்பித் தோட்டங்களில் இத்தாலியர்களை நடத்தும் விதம் பற்றி மோசமான தகவல்கள் வந்ததும், பிரேசில் செலவில் ஓசி டிக்கெட்டில் ஆள் அனுப்புவதை 1902-ல் தடை செய்தார்கள். 1911-ல் அர்ஜென்டினாவோடு கப்பல் சுகாதாரப் பரிசோதனை பற்றித் தகராறு வந்து, அங்கே போவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள்.

எல்லிஸ் தீவில் ஒரு பொறி

இப்போ நியூயார்க் பக்கம் வருவோம். எல்லிஸ் தீவு 1892-ல் திறக்கப்பட்டது. படியேறி வரும்போதே மேலே நின்று டாக்டர்கள் பார்ப்பார்கள். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் நொண்டுகிறார். சந்தேகம் வந்தால் சட்டையில் சாக்பீஸால் ஒரு எழுத்து. கண்ணில் டிரக்கோமா நோய் இருக்கிறதா என்று பார்க்க, ஷூ பட்டன் மாட்டுகிற கொக்கியை வைத்து இமையைப் பிரட்டுவார்கள். அதைத் தாண்டினால் கேள்விகள். பேர் என்ன, டிக்கெட் யார் எடுத்தது, கையில் எவ்வளவு காசு.

அதுல ஒரு கேள்வி அசல் பொறி. "உனக்கு இங்கே வேலை ரெடியா இருக்கா?" ஆமான்னு சொன்னா போச்சு. 1885-லிருந்தே அமெரிக்காவில் ஒரு சட்டம்: வெளிநாட்டிலேயே ஒப்பந்தம் போட்டுக் கூலி ஆட்களைக் கொண்டுவரக் கூடாது. சரி, வேலை இல்லைன்னு சொன்னா? பிழைக்க வழியில்லாதவன், அரசுக்குப் பாரமாவான்னு சந்தேகம். வேலை இல்லை, ஆனால் உடம்பில் தெம்பு இருக்கு, மாமா வீட்டில் தங்குவேன், உடனே கிடைச்சிடும். இதுதான் பாஸ் மார்க் பதில். கப்பலில் வரும்போதே ஜனங்கள் இதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள். நம்ம ஊர்ல விசா இன்டர்வியூக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல சுத்துற கேள்வி பதில் மாதிரி.

இத்தனை நடந்தும், அந்தத் தீவில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு சுமார் இரண்டு பேர்தான். நிராகரிக்கப்பட்ட ஆளைத் திருப்பிக் கொண்டுபோகும் செலவு கப்பல் கம்பெனி தலையில் விழும். அதனால் கம்பெனிகள் நேப்பிள்ஸ் துறைமுகத்திலேயே சலித்து எடுத்தன. இன்னைக்கு ஏர்லைன்ஸ் கவுன்டர்ல போர்டிங் பாஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி உங்க விசாவைத் துருவிப் பார்க்கிறாங்க இல்லையா, அதே கணக்குதான்.

ஒரு சின்னக் கிளைக்கதை. அமெரிக்காவில் இத்தாலியர்களைத் திட்ட 'வாப்' என்று ஒரு கெட்ட வார்த்தை உண்டு. 'பாஸ்போர்ட் இல்லாதவன்' என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் அது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கதை ஒட்டவில்லை. அந்த வார்த்தை புழக்கத்துக்கு வந்த காலத்தில், உள்ளே நுழைய அமெரிக்கா பாஸ்போர்ட்டே கேட்கவில்லை. அதைக் கேட்க ஆரம்பித்தது முதல் உலகப் போர் சமயத்தில், 1918 வாக்கில். மொழியறிஞர்கள் பெரும்பாலும் நேப்பிள்ஸ் பக்கத்து 'குவாப்போ' என்ற சொல்லைக் காட்டுகிறார்கள். சண்டியர், மைனர் என்கிற மாதிரி அர்த்தம்.

1890 என்ற வருஷம் ஏன்?

உள்ளே விட்டாலும் வரவேற்பு இனிக்கவில்லை. 1891-ல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. ஐரோப்பியர்களிலேயே வடக்கத்தியர் உசத்தி, மத்தியதரைக் கடல் பக்கத்து ஆட்கள் தாழ்ந்த ரகம் என்று 'விஞ்ஞானம்' பேசிய மேடிசன் கிராண்ட் போன்றவர்களின் புத்தகங்கள் படித்தவர்கள் வீட்டு அலமாரியில் இருந்தன.

முதலில் 1917-ல் எழுத்தறிவுத் தேர்வு வந்தது. 16 வயசுக்கு மேல் இருந்தால், ஏதாவது ஒரு மொழியில் முப்பது நாற்பது சொற்களைப் படித்துக் காட்ட வேண்டும். 1901 கணக்கெடுப்பில் தென் இத்தாலியில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரைக் குறிவைத்த தேர்வு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஜனங்கள் படிக்கக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

எனவே 1921-ல் எண்ணிக்கைக்கே வரம்பு. 1910 மக்கள்தொகைக் கணக்கில் எந்த நாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர் அமெரிக்காவில் இருந்தார்களோ, அதில் 3 சதவீதம். இத்தாலிக்குக் கிடைத்தது சுமார் 42,000. அதுவும் அதிகம் என்று பட்டது. 1924-ல் ரெண்டு விஷயத்தை மாற்றினார்கள். 3 சதவீதம் 2 ஆனது. 1910 என்ற வருஷம் 1890 ஆனது.

விஷயமே இந்த ரெண்டாவது மாற்றத்துலதான் இருக்கு. 1910-ல் அமெரிக்காவில் இத்தாலியில் பிறந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். 1890-ல் 1.8 லட்சம் மட்டுமே. இத்தாலியர்கள் பெரிய அலையாக வருவதற்கு முன்னால் இருந்த ஒரு வருஷத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். சட்டத்தில் 'இத்தாலியன் வேண்டாம்' என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு தேதி மட்டும் இருந்தது. ஜெர்மனிக்கு 51,227. பிரிட்டனுக்கு 34,007. இத்தாலிக்கு 3,845. நம்ம கணக்கு என்னன்னு கேட்கறீங்களா? இந்தியர்களுக்கு 1917 சட்டத்திலேயே கதவு மொத்தமா சாத்தியாச்சு. 1946-ல்தான் மறுபடி திறந்தது, வருஷத்துக்கு நூறு பேருக்கு.

இன்னொரு மாற்றமும் அந்தச் சட்டத்தில் இருந்தது. இனி அமெரிக்காவுக்குக் கிளம்பும் முன்பே, உங்கள் நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசா வாங்க வேண்டும். எல்லிஸ் தீவின் வாசல் இடம்பெயர்ந்து நேப்பிள்ஸுக்கும் பலெர்மோவுக்கும் வந்துவிட்டது. அப்பாயின்ட்மென்ட், ஃபைல், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அதிகாரி என்று நமக்குத் தெரிந்த அந்த உலகத்தின் ஆரம்பம் ஏறக்குறைய இதுதான்.

பாஸ்போர்ட் இல்லாமல் ஓடியவர்

அமெரிக்கா உள்ளே வரும் கதவைச் சாத்திய ரெண்டே வருஷத்தில், முசோலினி வெளியே போகும் கதவைச் சாத்தினார். 1926 அக்டோபர் கடைசியில் பொலோன்யாவில் அவரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அதைச் சாக்கிட்டு நவம்பரில் அவசரச் சட்டங்கள். எதிர்க்கட்சிகள் கலைப்பு, பத்திரிகைகள் மூடல். வெளிநாடு போகக் கொடுக்கப்பட்டிருந்த பாஸ்போர்ட் எல்லாம் ரத்து. அரசியல் காரணத்துக்காக அனுமதியில்லாமல் எல்லை தாண்டுவது கடும் குற்றம். அடுத்த வருஷம் அந்தப் பழைய குடியேற்ற ஆணையத்தையும் இழுத்து மூடினார்கள். இத்தாலியன் அந்நிய நாட்டில் போய்க் கூலி வேலை செய்வது நாட்டுக்கு அவமானம், இங்கேயே இருந்து பிள்ளை பெற்று ராணுவத்துக்கு ஆள் சேர்க்கட்டும் என்பது ஃபாசிசக் கணக்கு.

1926 டிசம்பர். சவோனா பக்கத்துக் கடற்கரையிலிருந்து ராத்திரியில் ஒரு மோட்டார் படகு கிளம்புகிறது. உள்ளே 69 வயசு சோஷலிஸ்ட் தலைவர் ஃபிலிப்போ துராத்தி. கண்காணிப்பில் இருக்கும் மற்ற தலைவர்கள் மாதிரி அவரும் எந்த நேரமும் கைதாகலாம். கூட வந்தவர்களில் கார்லோ ரொசெல்லி, ஃபெருச்சோ பாரி, சாண்ட்ரோ பெர்டினி என்ற 30 வயசு வக்கீல் ஆகியோர் இருந்தார்கள். கடல் கொந்தளிப்பில் விடிய விடியப் போராடி, பிரெஞ்சுத் தீவான கோர்சிகாவில் கரை சேர்ந்தார்கள். அவரை அங்கே விட்டுவிட்டு ரொசெல்லியும் பாரியும் இத்தாலி திரும்பினார்கள். கரையிலேயே கைது.

பெர்டினி திரும்பவில்லை. பிரான்சிலேயே தங்கிவிட்டார். பாரிஸில் டாக்சி கழுவினார், நீஸ் நகரத்தில் கட்டட வேலை செய்தார். தாத்தா காலத்து இத்தாலியக் கூலிகள் செய்த அதே வேலை. 1929-ல் போலி பாஸ்போர்ட்டில் இத்தாலிக்குள் நுழைந்தார். சொந்த நாட்டுக்குள் வர போலி பாஸ்போர்ட், யோசிச்சுப் பாருங்க. பீசா நகரத்தில் யாரோ அடையாளம் கண்டுவிட, கைது. சிறையும் தீவுக் காவலுமாக 1943 வரை போனது.

கால்பந்து ரசிகர்களுக்கு இவரைத் தெரிஞ்சிருக்கும். 1982 உலகக்கோப்பை ஃபைனல், மாட்ரிட். இத்தாலி கோல் போடும்போது ஸ்பெயின் ராஜா பக்கத்துல எழுந்து நின்னு கையை ஆட்டிக் குதிச்ச அந்தத் தாத்தா, இத்தாலிய குடியரசுத் தலைவர் சாண்ட்ரோ பெர்டினி. கோப்பையோடு திரும்பும் விமானத்தில் வீரர்களுடன் உட்கார்ந்து சீட்டு விளையாடிய படம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதே ஃபாசிசக் காலத்தில் இன்னொருவர் முறையாக பாஸ்போர்ட்டோடு வெளியேறினார். இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி. மனைவி லாரா யூதர். 1938-ல் யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் வந்தன. அந்த வருஷமே ஃபெர்மிக்கு நோபல் பரிசு. குடும்பத்தோடு ஸ்டாக்ஹோம் போய்ப் பரிசை வாங்கிவிட்டு, ஊர் திரும்பாமல் அப்படியே நியூயார்க் கப்பல் ஏறினார். அமெரிக்க விசாவுக்காகத் தூதரகத்தில் அவருக்கு ஒரு சின்னக் கூட்டல், வகுத்தல் பரீட்சை வைத்தார்கள் என்று லாரா பிறகு எழுதினார். அணுவைப் பிளக்கிற ஆராய்ச்சியில் இருந்தவருக்கு வகுத்தல் கணக்கு. பாஸாகிவிட்டார்.

நிலக்கரிக்கு ஆள்

போருக்குப் பிறகு 1948-ல் வந்த புதிய அரசியலமைப்பு 16-வது பிரிவில் தெளிவாக எழுதியது: குடியரசை விட்டுப் போகவும் திரும்பி வரவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் சுதந்திரம் உண்டு. அந்த வரிக்குப் பின்னால் மேலே சொன்ன படகெல்லாம் இருக்கு.

போகலாம், சரி. ஆனால் யார் உள்ளே விடுவார்கள்? 1946-லேயே பெல்ஜியத்தோடு ஒரு ஒப்பந்தம் ஆகியிருந்தது. இத்தாலி 50,000 ஆட்களைச் சுரங்க வேலைக்கு அனுப்பும், பெல்ஜியம் நிலக்கரி கொடுக்கும். ஊர் ஊராக ரோஸ் நிறப் போஸ்டர் ஒட்டினார்கள்: நல்ல சம்பளம், குடும்பப்படி, வீடு. மிலான் ரயில் நிலையத்தின் அடித்தளத்தில் மருத்துவப் பரிசோதனை, அப்புறம் ரயில். போய்ப் பார்த்தால் பல இடங்களில் 'வீடு' என்றது, போரில் கைதிகளை அடைத்த தகரக் கொட்டகை. பாதியில் வேலையை விட்டால் பிடித்து வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். 1956 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மார்சினெல் சுரங்கத்தில் தீ. இறந்தது 262 பேர். அதில் 136 பேர் இத்தாலியர்கள்.

சுவிட்சர்லாந்து வேறு மாதிரி. அங்கே பருவகாலத் தொழிலாளி விசா. வருஷத்துக்கு ஒன்பது மாசம் மட்டும் வேலை, பிறகு ஊருக்குப் போய் மறுபடி வரணும். எல்லையில் கியாசோ ஸ்டேஷனில் வரிசையில் நிறுத்தி, சட்டையைக் கழற்றி மருத்துவப் பரிசோதனை. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவர அனுமதி கிடையாது. பலர் ரகசியமாகக் கூட்டிவந்தார்கள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும்போது, சத்தம் போடாதே, ஜன்னல் பக்கம் போகாதே என்று சொல்லி வீட்டுக்குள் பூட்டிவிட்டுப் போவார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் இப்படிப் பள்ளிக்கூடம் போகாமல், பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் வளர்ந்தன. இந்தக் கதைகள் வெளியே வரவே பல பத்தாண்டுகள் ஆனது. 1970-ல் வெளிநாட்டுக்காரர்கள் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைக்கச் சொல்லி ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. 46 சதவீதம் பேர் 'குறை' என்றார்கள். ஓட்டுப் போட்டது ஆண்கள் மட்டும். சுவிஸ் பெண்களுக்கு தேசிய அளவில் ஓட்டுரிமை 1971-ல்தான் வந்தது.

1970 ஒண்ணும் கற்காலம் இல்ல. நிலாவுக்குப் போய்ட்டு வந்த பிறகு.

கதவு திறந்த விலை

மாற்றம் ரெண்டு வழியாக வந்தது. ஒன்று, ஐரோப்பியக் கூட்டமைப்பு. 1957 ரோம் ஒப்பந்தத்தில் இத்தாலி ஆறு நாடுகளில் ஒன்றாக இருந்தது. தொழிலாளர் சுதந்திரமாகப் போய்வரலாம் என்ற விஷயத்தில் அதிகம் அழுத்தியதும் இத்தாலிதான். ஏன்னா அனுப்ப ஆள் வெச்சிருந்தது அதுதானே. 1968-ல் அது முழுசாக நடைமுறைக்கு வந்தது. மார்சினெல் தீ விபத்துக்கு 12 வருஷம் கழித்து, ஒரு இத்தாலியர் அனுமதி கேட்காமல் பெல்ஜியத்தில் வேலை தேடலாம்.

இரண்டாவது, பணம். ஃபியட், ஃபிரிட்ஜ், ஷூ, ஃபேஷன் என்று நாடு பணக்கார நாடானது. 1970-களின் நடுவில், வெளியே போகிறவர்களைவிட உள்ளே வருகிறவர்கள் கூடினார்கள். 1989-ல் அமெரிக்கா தன் விசா விலக்குத் திட்டத்தில் இத்தாலியைச் சேர்த்தது. அந்தத் திட்டத்தில் சேர ஒரு முக்கிய அளவுகோல், அந்த நாட்டிலிருந்து விசா கேட்பவர்களில் எத்தனை பேர் நிராகரிக்கப்படுகிறார்கள் என்பது. ஆள் ஏழை இல்லை, வந்தால் திரும்பிப் போவான் என்று நம்பிக்கை வந்தால் நிராகரிப்பு குறையும். குறைந்தால் விசாவே வேண்டாம். 1924-ல் ஒரு நாடாக ஒதுக்கப்பட்டவர்கள், 1989-ல் ஒரு நாடாகவே வரவேற்கப்பட்டார்கள். ரெண்டு தடவையும் தனித்தனி ஆளை யாரும் பார்க்கவில்லை.

இதுக்கு ஒரு விலையும் உண்டு. எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியில் சேர வேண்டுமென்றால், உன் பக்கத்துக் கடலோரத்தை நீ காவல் காக்கணும் என்றார்கள் வடக்கத்திய நாடுகள். 1990-ல் இத்தாலி துனிசியா, மொராக்கோ நாட்டவருக்கு விசா கட்டாயமாக்கியது. அதே வருஷம் நவம்பரில் ஷெங்கன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 1991-ல் வ்லோரா என்ற அல்பேனியக் கப்பல் சுமார் 20,000 பேரோடு, பாய்மரக் கம்பத்தில்கூட ஆள் தொங்க, பாரி துறைமுகத்துக்கு வந்தது. அவர்களை ஒரு கால்பந்து ஸ்டேடியத்தில் அடைத்துவைத்து, பெரும்பாலானவர்களைச் சில நாளில் திருப்பி அனுப்பினார்கள். கப்பல் வந்த தேதி ஆகஸ்ட் 8. மார்சினெல் நடந்த அதே தேதி, 35 வருஷம் கழித்து. யாரும் திட்டமிட்டதில்லை, காலண்டர் செய்த வேலை. ஆனால் எனக்கு இதைத் தாண்டிப் போக முடியவில்லை.

இத்தாலியின் தரை எல்லைகளில் ஷெங்கன் 1998 ஏப்ரலில் முழுசாக அமலுக்கு வந்தது.

இன்னைக்கு ஒரு இத்தாலியருக்கு என்னென்ன வேணும்?

பாதி ஊர்களுக்கு பாஸ்போர்ட்டே வேண்டாம். ஐடி கார்டு போதும். ஐரோப்பிய ஒன்றியம் மட்டுமில்லை, துருக்கிக்கும் எகிப்துக்கும்கூட சுற்றுலாவுக்கு அதை வைத்தே போகலாம். இதில் ஒரு வேடிக்கை நடந்தது. 2008-ல் ஐடி கார்டின் ஆயுளை ஐந்திலிருந்து பத்து வருஷமாக்கினார்கள். பழைய பேப்பர் கார்டு வைத்திருந்தவர்களுக்குப் புதுக் கார்டு கொடுக்காமல், பின்னால் 'நீட்டிக்கப்பட்டது' என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். முன்பக்கத்தில் காலாவதி, பின்பக்கத்தில் முத்திரை. எகிப்து, துருக்கி போன்ற நாடுகளின் விமான நிலையங்களில் இதை ஏற்க மறுத்தார்கள். டூர் பேக்கேஜ் எடுத்துக் கிளம்பிய குடும்பங்கள் தவித்தன.

பாஸ்போர்ட்டுக்கு இன்னொரு தொல்லை இருந்தது. 2014 வரை, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே போவதாக இருந்தால் ஒவ்வொரு வருஷமும் 40.29 யூரோவுக்கு ஒரு வரி ஸ்டாம்ப் வாங்கி பாஸ்போர்ட்டுக்குள் ஒட்டணும். கோவிட் முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பிய 2022, 2023-ல் பாஸ்போர்ட் அப்பாயின்ட்மென்ட்டுக்கே பல ஊர்களில் மாசக்கணக்கில் காத்திருப்பு. உலகத்திலேயே வலுவான பாஸ்போர்ட், ஆனா கைக்கு வர மாட்டேங்குது.

விசா இல்லாமல் போகலாம் என்பதும் முன்னால் இருந்த மாதிரி இல்லை. அமெரிக்காவுக்கு 2009 முதல் எஸ்டா என்ற ஆன்லைன் முன்அனுமதி வேண்டும். பிரிட்டன் 2021 அக்டோபரில் ஐடி கார்டை ஏற்பதை நிறுத்தியது. 2025 ஏப்ரல் முதல் இ.டி.ஏ. என்ற அனுமதியையும் கேட்கிறது. கியூபா இத்தாலியர்களுக்குப் பிடித்த சுற்றுலாத் தலம். 2021 ஜனவரியில் அமெரிக்கா கியூபாவைப் பயங்கரவாதத்துக்கு ஆதரவு தரும் நாடுகள் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தேதிக்குப் பிறகு ஹவானா கடற்கரையில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவர், எஸ்டாவில் அமெரிக்கா போக முடியாது. தூதரகத்தில் விசா இன்டர்வியூவுக்கு நிற்கணும். சீனா எதிர்த்திசையில், 2023 டிசம்பர் முதல் இத்தாலியர்களை விசா இல்லாமல் விடுகிறது. இந்தியாவுக்கு வர அவர்களுக்கு இன்னும் விசா வேண்டும். ஆன்லைனில் இ-விசா எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் நாட்டுக்கு நாம போக எவ்வளவு காகிதம்னு உங்களுக்கே தெரியும்.

ஒரு காலத்தில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறிய பலெர்மோ நகரத்தில் இன்று நிறைய இலங்கைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். போர்க்காலத்தில் ஊரை விட்டு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். அந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக் கோயிலுக்கு இந்துத் தமிழர்களும் நடந்து ஏறுகிறார்கள். அதைத் தனி எபிசோடாகவே செய்யணும்.

கடைசியா ஒரு செய்தி. அன்றைக்குக் கப்பல் ஏறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். இத்தாலியச் சட்டப்படி குடியுரிமை ரத்தவழியில் இறங்கும். பல வருஷங்களாக அவர்கள் புவெனஸ் ஐரிஸ், சாவ் பாவ்லோ தூதரகங்களில் கொள்ளுத்தாத்தாவின் பிறப்புச் சான்றிதழோடு வரிசையில் நின்று இந்த பாஸ்போர்ட்டை வாங்கினார்கள். 2025 மார்ச் 28-ஆம் தேதி இத்தாலிய அரசு ஒரு அவசர ஆணை போட்டது, மே மாசம் அது சட்டமானது. வெளிநாட்டில் பிறந்தவர்கள் இனி பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி வரைதான் காட்டி உரிமை கோர முடியும், அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. கொள்ளுத்தாத்தா கணக்கில் வரமாட்டார். அதாவது, பெரிய அலையில் போனவர்களின் தலைமுறை பெரும்பாலும் கணக்குக்கு வெளியே.

இதிலும் ஒரு தேதிதான் எல்லைக்கோடு. 2025 மார்ச் 27, ரோம் நேரப்படி இரவு 11:59-க்குள் விண்ணப்பம் போட்டவர்களுக்குப் பழைய விதி. அதற்கு அடுத்த நிமிஷம் போட்டவர்களுக்குப் புது விதி.